கல்லூரி முத்திரை பெற்ற சாம்பிராணி

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைப் படித்துப் பார்க்கக் கூடாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

எங்கள் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சிறுதொழில் சங்கம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரி, தொழிற்சாலைகளோடு அறிவைப் பகிர்ந்துகொள்ளப் போவதாகவும் அதற்குக் கொஞ்சம் முதலாளிகள் தேவைப்படுவதாகவும் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. சங்கச் செயலாளர் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் வேனில் ஏற்றினார். பக்கெட் செய்கிறவர், பிஸ்கட் அட்டை செய்கிறவர், பூட்டுக்கு ஸ்பிரிங் செய்கிறவர், கம்ப்யூட்டர் சாம்பிராணி செய்கிற நான். அன்றைக்குப் பராமரிப்பு என்று எஸ்டேட்டில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். இல்லையென்றால் ஒருவரும் போயிருக்க மாட்டோம்.

ஆளுக்கொரு சால்வை, ஒரு சமோசா, ஒரு காபி. மேடையில் நின்று ஃபைலைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். நான் ஃபைலைத் திறந்து பார்த்தேன். "திறக்காதீங்க மேடம், போட்டோவுல அட்டை தெரியணும்" என்றார் ஹரிகிருஷ்ணன். ஆங்கிலப் பேராசிரியர். தொழில் நிறுவனங்களோடு உறவு வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லையாம். வராதவர் தலையில் கட்டுவதுதான் அங்கே வழக்கம்.

பக்கெட்காரர் அந்த ஃபைலில் இன்றைக்கும் கரண்ட் பில்களைச் சொருகி வைத்திருக்கிறார். நல்ல ஃபைல். நான் வீட்டுக்கு வந்து உள்ளே இருந்ததைப் படித்தேன். நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கக் கிடைத்ததெல்லாம் ஜி.எஸ்.டி. அறிவிப்புகள்தான் என்பதால் எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். ஏழாவது ஷரத்தில் இருந்தது: தொழில் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரச்சினைகளைத் தீர்க்கக் கல்லூரி தன் ஆய்வகங்களையும் வல்லுநர்களையும் தந்து உதவும்.

என்னிடம் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை இருந்தது.

கம்ப்யூட்டர் சாம்பிராணி தெரியாதவர்கள் இருக்க முடியாது. கரித்தூளும் சாம்பிராணியும் ஒட்டுப்பொடியும் கலந்து சின்னக் கிண்ணம்போல அழுத்திக் காயவைத்தது. விளிம்பில் தீக்குச்சியைக் காட்டினால் தானாகக் கனன்று கடைசிவரை புகையும். அடுப்புக் கரி வேண்டாம், ஊத வேண்டாம். இதற்கு ஏன் கம்ப்யூட்டர் என்று பெயர் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மில் மூடியபோது வேலையிழந்த என் அப்பா ஆரம்பித்த கம்பெனி. இப்போது நான் நடத்துகிறேன். சின்னப்பாப்பா அக்காவும் இன்னும் எட்டுப் பெண்களும் அதில் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஜானகிராமன் குட்டி யானை வண்டியில் சரக்கைக் கொண்டுபோய்ப் போடுகிறார்.

கைமிஷினை மாற்றி ஹைட்ராலிக் பிரஸ் போட்டேன். கிண்ணம் வழவழவென்று, விளிம்பு உடையாமல், பார்க்கவே அழகாக வந்தது. அந்த வருஷத்திலிருந்துதான் பேச்சு வர ஆரம்பித்தது. சாம்பிராணி பாதியில் அணைந்துவிடுகிறதாம்.

சோப்பு சரியாக நுரைக்கவில்லை என்றால் ஜனங்கள் சோப்பைத் திட்டுவார்கள். சாமிக்கு முன்னால் சாம்பிராணி அணைந்தால் அப்படி விட்டுவிட மாட்டார்கள். அது சகுனம். முத்தியால்பேட்டையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டில் கிரகப்பிரவேசத்தன்று அணைந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்கும் மருமகள் கோபித்துக்கொண்டு நெல்லித்தோப்பு அம்மா வீட்டுக்குப் போனதற்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிட்டது. அந்த மருமகள் கல்யாணமான நாளிலிருந்தே நெல்லித்தோப்புக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தாள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் ஷெட்டில் கொளுத்தினால் ஒன்றுகூட அணையாது. நானே எத்தனையோ கொளுத்திப் பார்த்திருக்கிறேன். அதனால் மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றே நம்பினேன். வீட்டில் கொளுத்திப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாள் முழுக்க அந்த வாசனையில் கிடந்துவிட்டு வருகிறவள் வீட்டிலும் அதையே கொளுத்துவாளா? எங்கள் வீட்டில் ஊதுபத்திதான்.

பெரிய மார்க்கெட்டில் பூஜைச் சாமான் மொத்த வியாபாரம் கோவிந்தசாமி அண்ணனுடையது. அவர் எடுக்காத சரக்கை மற்றக் கடைக்காரர்கள் கையாலும் தொடமாட்டார்கள். அவர் என் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். "ஆயுத பூஜைக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லைன்னா உன் சரக்கு வேணாம்மா, தப்பா நெனைச்சுக்காத" என்றார். ஆயுத பூஜை போனால் வருஷமே போனமாதிரி. கம்பெனியை மூட வேண்டியதுதான். ஒன்பது பெண்களிடம் அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் ஏழாவது ஷரத்து.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். "எந்த டிபார்ட்மென்ட் பையன்? ஃபீஸ் கவுன்ட்டர் அந்தாண்ட."

"பையன் இல்லீங்க. நான் ஒப்பந்தம் போட்டவ."

அவர் என்னைக் கான்ட்ராக்டர் என்று எடுத்துக்கொண்டு பாத்ரூம் கட்டுகிற இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து விசாரித்து விசாரித்து ஹரிகிருஷ்ணன் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவரெல்லாம் அலமாரி. அலமாரியெல்லாம் நான் பிடித்து போட்டோ எடுத்த அதே ஃபைல்.

"ஒப்பந்தத்துல ஏதாவது பிரச்சனையா மேடம்? ரத்து பண்ணணுமா?"

"இல்ல சார். பயன்படுத்திக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இதுவரைக்கும் அதுக்குன்னு யாரும் வந்தது இல்ல மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே யோசித்தார். "எப்படிப் பண்றதுன்னு பிரின்சிபால்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

கேட்டார். பிரின்சிபால் சந்தோஷப்பட்டாராம். கொஞ்ச நாளில் கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. அலமாரி நிறைய ஒப்பந்தம் இருக்கிறதே தவிர, ஒப்பந்தத்தால் ஏதாவது நடந்ததா என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. நான் நானாக வந்து மாட்டியிருந்தேன்.

என்னை நிர்மலாதேவியிடம் அனுப்பினார்கள். வேதியியல். தேங்காய்ச்சிரட்டைக் கரியை வைத்துச் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு பல வருஷமாக, கம்ப்யூட்டர் படிக்க வந்து கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்குகிற முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் கொடுத்த கிண்ணத்தை மோந்து பார்த்தார். இரண்டாக உடைத்து, உடைந்த இடத்தை விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. "கரியைத் தொட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமாக்கா" என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. இப்போதும் பிடிக்கும். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. சில கிண்ணங்களை வெயிலில் வைத்தார், சிலவற்றை ஈரத் துணியில் சுற்றி வைத்தார், சிலவற்றைப் பெட்டியோடு வாரக்கணக்கில் வைத்தார். மழைக்காலச் சரக்கு, கோடைச் சரக்கு என்று பிரித்தார். எடை போட்டு, கொளுத்தி, சாம்பலையும் எடை போட்டார். கொளுத்துவதற்கு ஒரு கண்ணாடி அலமாரி. புகை கூடத்தில் பரவாமல் மேலே ஒரு மோட்டார் உறிஞ்சி மொட்டை மாடிக்கு அனுப்பிவிடும். ஆய்வகத்தில் புகைகிற எதையும் அதற்குள் வைத்துத்தான் செய்ய வேண்டுமாம். அதுதான் ஒழுங்கு. எங்கள் ஷெட்டில் கண் எரியக் கொளுத்துகிற எனக்கு அதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. படித்தவர்கள் செய்கிற விதமே வேறு என்று சின்னப்பாப்பா அக்காவிடம் சொன்னேன்.

எல்லாமே கடைசிவரை எரிந்தன. ஒன்றுகூட அணையவில்லை.

அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில், ஓரத்தில் கல்லூரி முத்திரையோடு. பொருளில் குறையில்லை, வாடிக்கையாளர்கள் விளிம்பைச் சரியாகப் பற்றவைப்பதில்லை, பெட்டியில் அதைப் பற்றி ஒரு குறிப்பு அச்சிடலாம் என்று முடிவில் இருந்தது. நான் இத்தனை நாளாகச் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. நமக்குப் பிடித்ததைச் சொல்கிற அறிக்கை எவ்வளவு நல்ல அறிக்கை.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மத்தியானங்களில் கோவிந்தசாமி அண்ணனின் மகள் கார்குழலி கல்லாவில் உட்காருவாள். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வரன் பார்த்துக்கொண்டிருந்த பெண். அண்ணன் அறிக்கையை அவளிடம் நீட்டினார். அவள் கற்பூரப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று முழுசாகப் படித்தாள்.

"கொளுத்துன அத்தனையும் கடைசி வரைக்கும் எரிஞ்சுதாம்பா. நூத்துக்கு நூறு."

அண்ணன் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மேடாக இருந்தது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி, அஞ்சலாட்சி. ஆயுத பூஜைக்கு அனுப்பு. ஆனா அணைஞ்சுதுன்னு ஒருத்தன் வந்து நின்னாலும் அதோட சரி. அதுக்கப்புறம் உன் சரக்கு எங்கடைப் படி ஏறாது."

சாம்பிராணிப் பெட்டி ஒன்றை அவர் வீட்டுக்கென்று கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு மிஷினை ஓய்வில்லாமல் ஓட்டினோம். சீசன் சரக்கு மொத்தமும் காய்ந்து, தட்டுத்தட்டாக ஷெட்டை நிறைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டியில் போட்டார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தரக் குழு வந்தது. தொழில் கூட்டாளிகள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார்கள். பக்கெட்காரர் முதல் எல்லாருக்கும் அன்றைக்குக் கரண்ட் இருந்தது. நான் மட்டும் போனேன். எனக்கு முன்வரிசை. குத்துவிளக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் என் சாம்பிராணியை வைத்திருந்தார்கள். ஹரிகிருஷ்ணனின் ஏற்பாடு. கூட்டுறவின் பலனைக் குழு கண்ணால் பார்க்கட்டும் என்று.

நிர்மலாதேவி பட்டுப்புடவையில் வந்து அதைப் பற்றவைத்தார், அறிக்கை சொன்னபடி நான் பெட்டியில் அச்சிட்டிருந்த குறிப்பின்படியே, பொறுமையாக. பிறகு குத்துவிளக்கு ஏற்றுதல். ஏசியையும் ஃபேனையும் நிறுத்தினார்கள். ஜன்னல் கதவுகள் முன்பே சாத்தியிருந்தன. குழுத் தலைவர் ஒரு திரி, கல்லூரித் தலைவர் ஒரு திரி, பிரின்சிபால் ஒரு திரி. நாலாவது திரி போட்டோவில் விழவில்லை என்று அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். அதன்பின் இறைவணக்கம். பாடிய பெண் எல்லாச் சரணத்தையும் பாடினாள். கோட்டுப் போட்டிருந்தவர்கள் வியர்த்து வழிந்தார்கள்.

பாட்டு முடிவதற்குள் சாம்பிராணி அணைந்துவிட்டது. முதலில் புகை மெலிந்து நூலானது. பிறகு அதுவும் இல்லை. பாதிக் கிண்ணம் கறுப்பாக அப்படியே நின்றது. நிர்மலாதேவியைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவருடைய கண்ணாடி அலமாரியில் மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் ஷெட்டில் ஷட்டர் திறந்தபடியே கிடக்கும். காற்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் விளக்கேற்றுகிறவர்கள் விளக்கு அணையக் கூடாதென்று ஃபேனை நிறுத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள். இது தெரியாத தமிழச்சி உண்டா? நானும் அவரும் நாள் தவறாமல் அதைத்தான் செய்கிறோம். செய்துவிட்டு வேலைக்குப் போய், காற்றில் வைத்துச் சாம்பிராணி கொளுத்திக் குறையில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

குழுத் தலைவர் வடக்கத்திக்காரர். தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, இந்தக் கூட்டுறவால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வராது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு ஹரிகிருஷ்ணன், "மேடம் ரொம்ப திருப்தியா இருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரின்சிபால் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வேண்டுதல் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எழுந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, என் சரக்கு ஏன் அணைகிறது என்று ரொம்ப நாளாக எனக்குத் தெரியவில்லை. இந்தம்மா கொடுத்த அறிக்கையிலும் தெரியவில்லை. இப்போது உங்கள் முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் முடியுங்கள், எங்களுக்கு வேலை இருக்கிறது."

தலைவர் ஏதோ எழுதிக்கொண்டார். தொழில்துறையிடமிருந்து ஒளிவுமறைவற்ற கருத்து பெறப்படுகிறது என்று எழுதினாராம். கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. அதையெல்லாம் நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வராந்தாவில் பிரின்சிபால் நிர்மலாதேவியை நிறுத்தினார். "அந்த ரிப்போர்ட் டீமோட ஃபைல்ல போயிருச்சும்மா. இனிமே அது தப்புன்னு எழுதிக் குடுக்க முடியாது" என்றார். நிர்மலாதேவியின் கண் கலங்கியிருந்தது. ஹரிகிருஷ்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சார், ரெண்டாவதா ஒரு ரிப்போர்ட் போட்டா, கூட்டு ஆய்வு ரெண்டுன்னு கணக்கு வரும்." பிரின்சிபால் கொஞ்சம் யோசித்தார். "அப்ப போடுங்க" என்றார்.

எங்கள் வீட்டுப் பூஜை ரூம் ஓர் ஆள் நின்றால் இன்னொருவர் இடிபடுகிற அளவு. அதற்குள் நானும் நிர்மலாதேவியும் ஜானகிராமனும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஃபேன் இல்லை. பிரஸ்ஸின் அழுத்தத்தைக் குறைத்துச் செய்த கிண்ணத்தை முதலில் கொளுத்தினோம். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக எரிந்துவிட்டு அணைந்தது. "அழுத்தி அழுத்தி உள்ள காத்து போக வழியே இல்லாமப் பண்ணிட்டீங்கக்கா" என்றார் நிர்மலாதேவி. நான் வழவழப்பு என்று பெருமைப்பட்டது அதைத்தான். அடுத்ததில் அடியில் பெரிய துளை போட்டோம். குபுகுபுவென்று எரிந்து தட்டில் உதிர்ந்தது. ஜானகிராமன் சட்டையைக் கழற்றிவிட்டு, "எனக்கே மூச்சு முட்டுது, நான் வெளிய போறேன்" என்றார். கதவைத் திறந்தால் காற்று வரும் என்று இரண்டு பேரும் அவரை விடவில்லை. குறைந்த அழுத்தம், அடியில் சின்னத் துளை, தட்டில் ஒட்டாமல் நிற்க மூன்று குட்டிக் கால். அது எரிந்தது. கடைசிப் பொட்டு வரைக்கும் எரிந்து வெள்ளைச் சாம்பலாக உட்கார்ந்தது. நிர்மலாதேவி அதை எடை போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஷெட்டில் காய்ந்து நிற்கிற சரக்கு? துளை போட்டுப் பார்த்தோம், பிளந்துகொண்டது. மொத்தத்தையும் உடைத்துப் பொடியாக்கி, மறுபடி பிசைந்து, புது அச்சில் போட வேண்டும். ஆயுத பூஜைக்குள் பாதிகூடத் தேறாது. அப்படியே அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஜானகிராமன் சொன்னார். நானும் நினைக்காமல் இல்லை. சின்னப்பாப்பா அக்கா உலக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் தாங்களே பெட்டியில் அடுக்கியதைத் தாங்களே பிரித்து இடித்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், கிடைத்த பெட்டிகளை வண்டியில் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். பாதிக்கும் குறைவு. கோவிந்தசாமி அண்ணன் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மிச்சம்?" என்றார்.

சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் காட்டுனேனே, அந்த ரிப்போர்ட்டு தப்பு. ஃபேனு ஓடுனாதான் அது எரியும். நிறுத்துனா அணைஞ்சிரும். பழைய சரக்க எல்லாம் உடைச்சிட்டேன். இது புதுசு. இது அணையாது."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்லாவில் இருந்த கார்குழலியும் கை வேலையை நிறுத்திவிட்டாள்.

"என் வூட்லயும் அணைஞ்சுது" என்றார் அண்ணன்.

"எப்பண்ணே?"

"கொழலியப் பொண்ணு பாக்க வந்தாங்களே, திண்டிவனத்துலேருந்து. அன்னிக்கு. அவங்க வந்து ஒக்காந்ததும் வெளக்கேத்தி, நீ குடுத்தத கொளுத்தி வச்சா உங்க அண்ணி. பேச்சு நடுவுல அணைஞ்சு போச்சு."

"அப்பவே எனக்கு போன் பண்ணியிருக்கலாமே."

"எதுக்கு? நூத்துக்கு நூறுன்னு காலேஜுல சீல் போட்டுக் குடுத்திருக்கான். சாம்பிராணி மேல குத்தம் இல்லன்னு ஆயிப்போச்சு. அப்ப வேற எது மேல குத்தம்? எங்க வூட்டு மேலன்னு நெனைச்சோம். ஜோசியருகிட்ட போனோம். அவரும் ஆமான்னாரு. அந்த எடம் வேணாம்னு விட்டுட்டோம்."

கார்குழலி என்னைப் பார்த்தாள். "அந்த ரிப்போர்ட்ட நான்தான அத்தை படிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது என்று வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நான் என் கம்பெனி ஒன்றுதான் இதில் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முத்திரையை வாங்கிக்கொண்டு வந்து இந்தப் பெண் கையில் கொடுத்ததே நான்தான்.

"ரெண்டாவது ரிப்போர்ட் இருக்கா? சீல் போட்டது?" என்று கேட்டார் அண்ணன்.

"பையில இருக்கு. அது வேணாம்ணே. கொளுத்திப் பாருங்க."

கார்குழலி எழுந்தாள். வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் கடை ஷட்டரைத் தரைவரைக்கும் இறக்கினாள். ஃபேனை நிறுத்தினாள். பெட்டியைப் பிரித்து ஒரு கிண்ணத்தை எடுத்து, கடைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினாள். நாங்கள் நாலு பேரும் இருட்டில் நின்றோம். வெளியே ஆட்கள் ஷட்டரைத் தட்டினார்கள். கூடைக்காரர்கள் வழி கேட்டுச் சத்தம் போட்டார்கள். ஜானகிராமன் வாயைத் திறக்காமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் சிவப்பு வளையம் மெதுவாகக் கீழே இறங்கியது. பாதியைத் தாண்டியது. கார்குழலி அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எரிந்து முடிந்தது. மூன்று காலும் சாம்பலாகி நின்றன.

அண்ணன் போனை எடுத்து திண்டிவனத்து நம்பரைப் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டார். "நீயே சொல்லும்மா."

"வணக்கங்க. நான் தட்டாஞ்சாவடி சாம்பிராணி கம்பெனிலேருந்து பேசறேன். அன்னிக்கு நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப அணைஞ்சுதே, அது எங்க தப்புங்க. மிஷின்ல ரொம்ப அழுத்திட்டோம். காத்து போகல. பொண்ணு மேலயோ வூட்டு மேலயோ ஒண்ணும் இல்லீங்க."

மறுமுனையில் இருந்தவர் பையனின் அப்பா. "தாம்பூலம் வச்சு எங்கள அனுப்புனப்ப அதுல ஒரு பாக்கெட்டு இருந்துதும்மா" என்றார். "எங்க வூட்லயும் அத கொளுத்துனாங்க. எங்க வூட்லயும் அணைஞ்சு போச்சு. எங்க சாமிக்குத்தான் இஷ்டமில்லன்னு நாங்க இருந்துட்டோம். பையன் முகத்தைப் பாக்க முடியல."

ஸ்பீக்கர் போடாமலே அது எல்லாருக்கும் கேட்டது. கோவிந்தசாமி அண்ணன் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "நீங்க எப்ப வரீங்க?" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கார்குழலி ஷட்டரைத் தூக்கினாள். வெளிச்சமும் கூட்டமும் ஒன்றாக உள்ளே வந்தன. முன்னால் நின்ற ஓர் அம்மாள், ஆயுத பூஜைக்கு நல்ல சாம்பிராணி இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றாள் கார்குழலி. "இப்பதான் நானே கொளுத்திப் பாத்தேன்."